டாக்டர் வண்டி

பைக் வாங்கப் போகிறவர் முதலில் அளக்க வேண்டியது தன்னுடைய கால் நீளத்தை. நான் பேங்க் பேலன்ஸை அளந்தேன். இரண்டுமே பற்றாது என்பது டெலிவரி எடுத்த பிறகுதான் தெரிந்தது.

என் உயரம் ஐந்தடி நாலங்குலம். கல்யாணத் தரகர் ஜாதகத்தோடு கொடுத்த சீட்டில் ஐந்தரை அடி என்று எழுதியிருந்தார். என் மனைவி அதைத் தாலி கட்டும்போதே கண்டுபிடித்துவிட்டாளாம். பைக் ஷோரூமில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நான் ஆசைப்பட்டது அட்வெஞ்சர் பைக். மலை, மணல், ஓடை எல்லாவற்றிலும் போகும் ரகம். பள்ளத்தில் இறங்கும்போது இன்ஜினின் அடி தட்டக்கூடாது என்று இந்த வண்டிகளைத் தரையிலிருந்து நன்றாகத் தூக்கி வைத்திருப்பார்கள். கூடவே சீட்டும் மேலே போய்விடும். நம் ஊர் ஸ்ப்ளெண்டர் பிளஸ்ஸின் சீட் உயரம் 785 மில்லிமீட்டர். அட்வெஞ்சர் ரகத்தில் 800-ல் ஆரம்பித்து 850-க்கு மேலேயும் உண்டு. பேப்பரில் படித்தால் அரை இஞ்சு, இரண்டரை இஞ்சு சமாச்சாரம். சிக்னலில் நிற்கும்போது அந்த இரண்டரை இஞ்சு முழுவதும் நம் கட்டைவிரலுக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் இருக்கும்.

"கால் எட்டுதா சார்?" என்று ஷோரூம் பையன் வண்டியைப் பிடித்துக்கொண்டே கேட்டான். "தாராளமா" என்றேன். எட்டியது இடது கால் நுனி மட்டும்தான். அவன் பிடித்துக்கொண்டிருந்ததால் வண்டி நின்றது. அந்தப் பையனையும் சேர்த்து வாங்கியிருக்க வேண்டும்.

வண்டியை எங்கே ஓட்டப் போகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீடு பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில். ஆபீஸ் எம்.ஜி. ரோடு பக்கம். நடுவில் நாலைந்து கிலோமீட்டர், கணக்கில் அடங்காத ஸ்பீடு பிரேக்கர். இந்தப் பாதையில் நான் கடக்க வேண்டிய ஒரே ஓடை, மழை நாளில் ஈஸ்ட் ஸ்டேஷன் பக்கத்து ரயில்வே பாலத்தின் கீழே தேங்குவது. அதிலும் ஆட்டோ போய்க்கொண்டுதான் இருக்கும்.

வாங்குவதற்கு முன்னால் என் மனைவி பால்காரர் கொடுத்த காலண்டரின் பின்பக்கம் ஒரு லிஸ்ட் போட்டாள். பாப்பாவை ஸ்கூலில் விடணும். ரசல் மார்க்கெட் போய்க் காய் வாங்கணும். அவசரத்துக்கு கேஸ் சிலிண்டர் வைக்க இடம் வேணும். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் அவங்க புடவையோடு சைடில் உட்காரணும். படித்துப் பார்த்தேன். அதில் லடாக் என்ற வார்த்தையே இல்லை. ஒரு மனுஷனின் கனவைப் புரிந்துகொள்ளாத லிஸ்ட் என்று மடித்து வைத்துவிட்டேன்.

மாமனாரிடமும் கேட்டேன். ஐ.டி.ஐ. டெலிபோன் ஃபாக்டரியில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். எதையும் திருப்பிப் போட்டு அடிப்பக்கம் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். "மாப்ள, வண்டி நீங்க ஓட்டறதுக்கா, மத்தவங்க பாக்கறதுக்கா?" என்றார். ஓட்டறதுக்குத்தான் மாமா என்றேன். "அப்ப எதுக்கு இவ்வளவு விலை?" என்றார். மரியாதைக்குரியவர் என்பதால் பதில் சொல்லவில்லை. பதிலும் இல்லை.

வண்டி வந்தது. லடாக்குக்குத் தேவையான எல்லாவற்றையும் மாட்டினேன். க்ராஷ் கார்டு, ஃபாக் லைட், இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி. மாட்டி முடித்த அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். காம்பவுண்டு கேட்டுக்குள் வண்டி நுழையவில்லை. லடாக் போவதற்குச் சேர்த்த பெட்டிகளைத் தினமும் தெருவிலேயே கழற்றி, இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். எதிர் வீட்டு ஆன்ட்டி, "ஊருக்குப் போய்ட்டு வர்றீங்களா?" என்று கேட்பார். ஆமாம் ஆன்ட்டி என்பேன். ஆபீஸிலிருந்து வந்திருப்பேன்.

ரிச்சர்ட்ஸ் டவுன் என்ற பெயருக்குக் காரணமான எஃப். ஜே. ரிச்சர்ட்ஸ் வெள்ளைக்காரர் காலத்து கலெக்டர். பெங்களூரில் 1909-ல் மிதிக் சொசைட்டியைத் தொடங்கி வைத்தவர். பிறகு 1918-ல் வந்த சேலம் ஜில்லா கெஜட்டியரை எழுதியவரும் அவரே. சேர்வராயன் மலையிலிருந்து ஓசூர் வரைக்கும் ஒரு ஜில்லா முழுவதையும் விவரித்து எழுதியிருக்கிறார். அவர் பெயர் வைத்த பேட்டையில் குடியிருக்கும் நான், இவ்வளவு பெரிய வண்டியை வைத்துக்கொண்டு, அதே ஓசூரை எட்டிப் பார்க்கவில்லை. சில்க் போர்டு ஜங்ஷனோடு திரும்பிவிட்டேன்.

அவர் பெயரிலேயே இருக்கும் ரிச்சர்ட்ஸ் பார்க் பக்கத்தில்தான் முதல் விபத்து. விபத்து என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள், வண்டி ஓடவே இல்லை. யு-டர்ன் எடுக்கலாம் என்று நிறுத்தி வலது காலை ஊன்றினேன். வலது பக்கம் ரோடு சற்றுத் தாழ்வு. கால் தரையைத் தேடிப் போனது, உடம்பு காலைத் தேடிப் போனது, வண்டி எங்கள் இருவரையும் தேடி வந்தது.

கிட்டத்தட்ட இருநூறு கிலோ. ஒற்றை ஆளாகத் தூக்குவதற்கு முறை உண்டு, வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து காலால் உந்தி எழ வேண்டும். வீடியோவில் ஒரு சின்னப் பெண் அப்படித் தூக்கியதைப் பார்த்திருக்கிறேன். நான் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். அப்படியே உட்கார்ந்திருந்தேன். பார்க்கில் வாக்கிங் வந்த தாத்தாக்கள்தான் சேர்ந்து வண்டியைத் தூக்கினார்கள், பிறகு என்னை. பெட்டிகளையும் ஃபாக் லைட்டையும் பார்த்த ஒருவர், "லடாக்கா தம்பி?" என்று கேட்டார். "இல்ல சார், தாம்ஸ் பேக்கரி. பிரெட் வாங்க."

இதற்கு மேல் அந்த வண்டியைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. விற்றேன். எவ்வளவு நஷ்டம் என்பது என் மனைவிக்குத் தெரியாது. இந்தப் பத்தியை அவள் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில்கூட அந்தத் தொகையை இங்கே எழுத முடியவில்லை.

இத்தோடு விட்டிருந்தால் நான் சராசரி ஆள். உயரம்தான் பிரச்சினை, அதனால் தாழ்வான வண்டியாக, கூடவே கெத்தாக ஒன்று பார்ப்போம் என்று முடிவு செய்தேன். 'கெத்தாக' என்பதை முதலிலும் 'தாழ்வாக' என்பதைப் பிறகும் தேடினேன். அப்படித்தான் யெஸ்டி வந்தது.

யெஸ்டி நம் பக்கத்து ஊர்ப் பிள்ளை. மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி 1960-களின் தொடக்கத்தில் செக் நாட்டு ஜாவா பைக்கைச் செய்ய ஆரம்பித்தது, பிறகு 1973-லிருந்து யெஸ்டி என்ற பெயரில் விற்றது. ரோட்கிங் 1978-ல் வந்தது. 250 சிசி, டூ-ஸ்ட்ரோக், ஒரே சிலிண்டருக்கு இரண்டு பக்கமும் இரண்டு சைலன்சர். 1996-ல் ஃபாக்டரியை மூடினார்கள். ஜாவாவும் யெஸ்டியும் 2018-லும் 2022-லும் புது அவதாரம் எடுத்து ஷோரூமுக்கு வந்துவிட்டன. வாரண்டி, பட்டன் ஸ்டார்ட் எல்லாம் உண்டு. ஆனால் எனக்கு ஒரிஜினல்தான் வேண்டும். வாரண்டி இருந்தால் ரசனை எங்கே இருக்கும் என்றுகூட ஒரு நண்பனிடம் பேசியிருக்கிறேன். அவன் இப்போது என் போனை எடுப்பதில்லை.

விற்றவர் பழைய வண்டி வாங்கி விற்கும் ஆள். "டாக்டர் வண்டி சார். சிங்கிள் ஓனர். ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு மட்டும் எடுப்பாரு" என்றார். நான் போனபோது இன்ஜின் சூடாக இருந்தது. முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆனது. நான் வருகிறேன் என்று முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறாரே, என்ன மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

பேரம் பேசும் முன் வண்டியைச் சுற்றி வந்தேன். நிபுணர்கள் சுற்றி வருவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். எதையாவது கேட்க வேண்டுமே என்று, "கிக்கர் உடைஞ்சிடுச்சா? காணோமே" என்றேன். அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். யெஸ்டியில் கிக்கர் தனியாகக் கிடையாது, இடது பக்கத்து கியர் லிவரையே அமுக்கிப் பின்னால் திருப்பினால் அதுதான் கிக்கர். யெஸ்டியைப் பற்றி உலகத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஒரே விஷயம் அதுதானாம். என் கேள்விக்குப் பிறகு அவர் விலையைக் குறைக்கவே இல்லை.

வண்டியை மாஸ்க் ரோடு பக்கத்துச் சந்தில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் பாயிடம் கொண்டு போனேன். பெங்களூர் தண்டில், அதாவது கன்டோன்மென்ட்டில், பிறந்து வளர்ந்தவர். வீட்டில் உருது, கடையில் கன்னடம், என்னிடம் தமிழ், வண்டியிடம் ஒன்றும் பேசமாட்டார். டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்தார். உள்ளே துரு. சைடு பாக்ஸைத் திறந்தார். வயர்கள் செல்லோடேப்பில் தொங்கின. ஏர் ஃபில்டர் இருக்க வேண்டிய இடம் காலி.

"யார் வண்டி சார் இது?"

"டாக்டர் வண்டி பாய்."

"பல் டாக்டரா இருக்கும். எல்லாத்தையும் புடுங்கி வச்சிருக்காரு."

பழைய வண்டியை வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று பாய் அன்று ஒரு பாடம் எடுத்தார். முதலில் இன்ஜினைத் தொட்டுப் பார்க்கணும். ஆறிப்போய் இருந்தால்தான் ஸ்டார்ட் பண்ணச் சொல்லணும், சூடான இன்ஜின் எதையும் மறைக்கும். ஆர்.சி.யில் இருக்கும் இன்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் வண்டியில் குத்தியிருப்பதோடு ஒத்துப்போகுதா பார்க்கணும். பின்னால் போய் நின்று முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே நேர்கோட்டில் இருக்கான்னு பார்க்கணும். பதினைந்து வருஷம் தாண்டின வண்டி என்றால் ஆர்.சி. ரினியூவல் ஆகியிருக்கா, அது எப்போ முடியுதுன்னு பார்க்கணும். எல்லாவற்றையும் கவனமாக போனில் டைப் செய்துகொண்டேன். அருமையான லிஸ்ட். வண்டி வாங்குவதற்கு முன்னால் கிடைத்திருந்தால்.

அப்புறம்தான் ஆயில் விவகாரம். இந்த டூ-ஸ்ட்ரோக் வண்டியில் பிஸ்டனுக்குத் தனியாக ஆயில் டேங்க் இல்லை. பெட்ரோலிலேயே டூ-டி ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். லிட்டருக்கு முப்பது, நாற்பது மில்லி. அந்த ஆயில்தான் பெட்ரோலோடு உள்ளே போய் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் வழுக்கிக் கொடுக்கிறது, பிறகு எரிந்து புகையாக வெளியே போகிறது. குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கூடினால் பிளக்கில் கரி படியும், சைலன்சர் அடைக்கும். அளவு முக்கியம் என்று பாய் சொன்னார். எனக்குப் பாசம் முக்கியம். இன்னும் கொஞ்சம் நல்லா ஓடட்டுமே என்று கைக்கு வந்தபடி ஊற்றினேன்.

மறுநாள் காலையில் போர்டிகோவில் வண்டியை ஸ்டார்ட் செய்தேன். இரண்டு சைலன்சரிலும் வெள்ளையாகப் புகை கிளம்பி மாடி வரை போனது. எதிர் வீட்டு ஆன்ட்டி அவசரமாக ஜன்னல்களைச் சாத்தினார். சாயங்காலம் பார்த்தபோது ரொம்ப சந்தோஷமாக, "காலைல கொசு மருந்து அடிக்க வந்தாங்களே, மறுபடி எப்ப வருவாங்க?" என்றார். தினமும் எட்டரைக்கு ஆன்ட்டி, என்று சொல்லவில்லை.

வெட்கப்பட்டு ஆயிலைக் குறைத்தேன். அதையும் கைக்கு வந்தபடிதான். லிங்கராஜபுரம் ஃப்ளைஓவர் ஏறும்போது வண்டி திடீரென்று முனகியது, பின் சக்கரம் தேய்ந்தது, நின்றது. பிஸ்டன் ஜாம். அந்த மாதிரி நேரத்தில் உடனே கிளட்சைப் பிடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் பூட்டிக்கொண்டு ஆளைத் தூக்கி எறியும். எனக்கு அது தெரியாது. நான் பிடித்தது பின்னால் உட்கார்ந்திருந்த சக ஊழியரின் முழங்காலை. ஏறிக்கொண்டிருந்ததால் வேகம் இல்லை, அதனால் இருவரும் பிழைத்தோம். அவர் இப்போது மெட்ரோவில் வருகிறார், அவர் வீட்டுப் பக்கம் மெட்ரோ இல்லாவிட்டாலும்.

ஃப்ளைஓவரில் பாதி வழியில் நின்ற வண்டியை மேலே தள்ளுவதா, கீழே தள்ளுவதா என்பது சுவாரஸ்யமான கேள்வி. கீழே தள்ளினால் சுலபம், ஆனால் எதிர்த்திசை. நான் சட்டத்தை மதிப்பவன். சுமார் நூற்று நாற்பது கிலோவை மேலே தள்ளினேன். என்னைக் கடந்து போன ஒவ்வொருவரும் "பெட்ரோல் காலியா சார்?" என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் நின்று விளக்கினேன். மூச்சு வாங்குவதற்கு அது வசதியாக இருந்தது.

தள்ளிக்கொண்டே ஒன்றை யோசித்தேன். நாற்பது கிலோமீட்டரில் ஓசூர், அங்கே டிவிஎஸ். கோலார் போகிற வழியில் நரசாபுராவில் 2013-லிருந்து ஹோண்டா ஃபாக்டரி. மைசூரில் இந்த யெஸ்டி பிறந்த இடம். அந்தப் பக்கம் சென்னை போனால் புல்லட். இந்தியாவில் பைக் செய்கிற ஊர்களுக்கு நட்டநடுவில் குடியிருக்கிறேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் நிமிஷத்துக்கு நிமிஷம் ஓடுகிற வண்டிகள் வெளியே வந்துகொண்டிருக்கின்றன. நடுவில் ஒருவன் ஓடாததைத் தள்ளிக்கொண்டு போகிறான்.

சிலிண்டருக்கு போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும் என்றார் பாய். ஜே.சி. ரோட்டில் தேடினேன், பழைய சாமான் விற்கும் சிவாஜிநகர் குஜிரிக் கடைகளில் தேடினேன். ஜே.சி. ரோடு என்றால் ஜெயசாமராஜேந்திர உடையார் ரோடு, மைசூர் மகாராஜா பெயர். மைசூர் வண்டிக்கு அங்கே கிடைக்காமல் எங்கே கிடைக்கும் என்று நம்பிக்கையோடு போனேன். "மூடின கம்பெனி சார், ஸ்டாக் இல்ல" என்று ஒரு கடைக்காரர் அனுதாபத்தோடு சொன்னார். துக்கம் விசாரிக்க வந்தவரின் குரல். கடைசியில் பாய்தான் தன் சிநேகிதரிடம் சொல்லி வாங்கிக் கொடுத்தார். ரேட் கேட்டபோது என் குரலும் அப்படி ஆகிவிட்டது.

பாயிண்ட் செட்டிங் செய்த நாள் மட்டும் என் வாழ்க்கையில் பெருமையான நாள். பழைய வண்டிகளில் பிளக்குக்குச் சரியான நேரத்தில் பொறி கொடுப்பது காண்டாக்ட் பாயிண்ட் என்ற சின்ன உலோகத் துண்டு. அது திறக்கும் இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர். அதை அளக்க கேஜ் இருக்கிறது. பாயின் கேஜை யாரோ இரவல் வாங்கிப் போயிருந்தார். "சார், விசிட்டிங் கார்டு இருக்கா?" என்றார். கொடுத்தேன். அதை நடுவில் நுழைத்து, ஸ்க்ரூவை முடுக்கி, இழுத்துப் பார்த்தார். வண்டி பிடித்துக்கொண்டது. என் பெயருக்குக் கீழே சீனியர் மேனேஜர் என்று போட்டிருந்த அந்த கார்டுக்கு இத்தனை வருஷத்தில் முதல்முறையாக ஒரு உபயோகம். "நல்ல கார்டு சார், தடிமன் கரெக்ட்டா இருக்கு, இன்னும் ரெண்டு கொடுங்க" என்றார். ஆபீஸில் யாரும் என்னிடம் இப்படிப் பேசியதில்லை.

அந்தப் பெருமையில்தான் ஸ்பேனர் செட் வாங்கினேன். கார்புரேட்டரை நானே கழற்றி சுத்தம் செய்வது என்று ஒரு ஞாயிறு காலையில் உட்கார்ந்தேன். கழற்றுவது அற்புதமாகப் போனது. எல்லாவற்றையும் நியூஸ்பேப்பரில் வரிசையாக வைத்தேன். காற்று வந்தது. நியூஸ்பேப்பர் எழுந்து நின்றது.

திரும்ப மாட்டி முடித்தபோது ஒரு சின்ன பின் மிச்சம். கம்பெனிக்காரர்கள் அனாவசியமாக வைத்திருப்பார்கள் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அது ஃப்ளோட்டைப் பிடித்து வைக்கும் பின். ஃப்ளோட் மேலே வந்தால்தான் பெட்ரோல் வரும் வழி அடைபடும். பின் இல்லாத ஃப்ளோட் எங்கே போகும்? பெட்ரோல் ராத்திரி முழுக்க வழிந்து, காலையில் என் மனைவி போட்ட கோலத்தை அழித்துக்கொண்டு தெருவுக்குப் போனது. பின் மறுநாள் வாஷிங் மெஷினில் கிடைத்தது. அதற்குள் மெஷினும் ரிப்பேர்.

இந்த வழிசலுக்கு என் மேல் மட்டும் பழி போடக்கூடாது என்று, இப்போது பங்க்கில் வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் இருக்கிறதே, அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் வாஷரை அரிக்கும் என்று பாயிடம் விளக்கினேன். பாய் அதை மறுக்கவில்லை. "உண்மைதான் சார். ஆனா பின்னை எத்தனால் கழட்டல" என்றார்.

ஜூலை இரண்டாவது ஞாயிறை ஜாவா, யெஸ்டிக்காரர்கள் உலகம் முழுக்கத் திருநாளாகக் கொண்டாடுகிறார்கள். பெங்களூரில் அன்றைக்குக் கூட்டம் சொல்லி மாளாது. பளபளவென்று மெருகேற்றிய வண்டிகள், அப்பாவின் வண்டியில் வந்த மகன்கள், தாத்தாவின் வண்டியில் வந்த பேத்திகள். நான் அதற்கென்றே யெஸ்டி படம் போட்ட டி-ஷர்ட் வாங்கி வைத்திருந்தேன். அன்று காலை வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. டி-ஷர்ட் வீணாகக்கூடாதே என்று ஆட்டோவில் போனேன்.

அங்கே ஒரு பெரியவர் என் தோளில் கை போட்டு, "உங்க வண்டி எங்க நிக்குது?" என்று கேட்டார். "அந்தக் கோடியில்" என்று கைகாட்டினேன். பொய் இல்லை. அந்தத் திசையில்தான் ரிச்சர்ட்ஸ் டவுன்.

எமிஷன் டெஸ்ட் கதையையும் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் பங்க்கில் இருக்கும் சென்டருக்குப் போனேன். பையன் சைலன்சருக்குள் குழாயை விட்டான். எந்த சைலன்சர் என்று கேட்டான், இரண்டு இருக்கிறதே. உங்களுக்குப் பிடித்தது என்றேன். ஆக்சிலரேட்டரை முறுக்கச் சொன்னான். முறுக்கினேன். புகை அடங்கி அவன் முகம் தெரிய ஆரம்பித்தபோது இருமிக்கொண்டே கேட்டான்: "சார், சர்டிஃபிகேட் வண்டிக்கா, எனக்கா?"

இதற்கிடையில் வீட்டு வேலைகளெல்லாம் எப்படி நடந்தன என்று நீங்கள் கேட்கலாம். மாமனாருக்குக் கண்ணில் புரை ஆபரேஷன். கொஞ்ச நாள் வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நிஜ டாக்டர். அவருடைய டிவிஎஸ் எக்ஸ்எல் 100 எங்கள் போர்டிகோவுக்கு வந்தது. கியர் இல்லை. எடை தொண்ணூறு கிலோகூட வராது. முன்னால் காலியாக இருக்கும் இடத்தில் சிலிண்டர் அம்சமாக உட்கார்ந்தது. மார்க்கெட் பை மாட்டினோம், பாப்பா ஏறினாள், மாமியார் புடவையோடு சைடில் உட்கார்ந்து ஆஸ்பத்திரி போய்வந்தார். காலண்டர் பின்பக்கத்து லிஸ்டில் இருந்த எல்லாம் ஒரே வாரத்தில் முடிந்துவிட்டது. ஓட்டியது என் மனைவி.

யெஸ்டியை விற்கலாம் என்று சொல்லி வைத்தேன். ஒரு ஐ.டி. பையன் பார்க்க வருவதாகச் சொன்னான். அன்று காலை சீக்கிரமே எழுந்து, பாயை வரவழைத்து, வண்டியைக் கிளப்பி அரை மணி நேரம் ஓடவிட்டேன். மரியாதைக்காகத்தான். பையன் வந்தான். பேசவில்லை. நேராகக் குனிந்து இன்ஜினில் புறங்கையை வைத்தான்.

"அங்கிள், சூடா இருக்கே?"

"டாக்டர் வண்டிப்பா" என்றேன்.

கும்பிட்டுவிட்டுப் போய்விட்டான். யெஸ்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கவர் போட்டு மூடி வைத்திருக்கிறேன். பூனை ஒன்று அதன் மேல் குட்டி போட்டிருக்கிறது. அதற்கு சீட் உயரம் சரியாக இருக்கிறதாம்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி தூங்கும் நேரம் பார்த்து எக்ஸ்எல்லை நான் எடுக்கிறேன். போன வாரம் அதை பாய் கடைக்கு ஓட்டிப்போனேன். பாய் தூரத்திலிருந்தே என்னைப் பார்த்ததும் அனிச்சையாக ஸ்பேனரை எடுத்தார்.

"என்ன கம்ப்ளெயின்ட் சார்?"

"ஒண்ணும் இல்ல பாய்."

பாய் நம்பவில்லை. தானே ஒரு ரவுண்டு போய் வந்தார். பிரேக்கை அழுத்திப் பார்த்தார். செயினைத் தொட்டுப் பார்த்தார். பிளக்கைக்கூடக் கழற்றிப் பார்த்துவிட்டு மாட்டினார். "வண்டி சூப்பரா இருக்கு. எதுக்குக் கொண்டாந்தீங்க?"

சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கேட்டேன். "இதுல இந்தப் பக்கமும் ஒரு சைலன்சர் மாட்ட முடியுமா பாய்? சும்மா, பாக்கறதுக்கு."

பாய் ஸ்பேனரைக் கீழே வைத்தார். உள்ளே திரும்பிப் பையனைக் கூப்பிட்டார்.

"டேய், சாருக்கு ஒரு டீ சொல்லு. சக்கரை தூக்கலா."